மதியத்துக்குப் பிறகான தோட்டம்

மலேசியத் தோட்ட வரலாறு என்று நாம் வாசிப்பது பெரும்பாலும் பாதி நாளின் வரலாறு. விடியுமுன் பெரட்டுக் களம், தண்டலின் கூப்பாடு, நெற்றியில் விளக்கு, பால்மரம், மங்கு, வாளி, காண்டா, கடைசியில் பால் நிறுக்கும் கொட்டகை. பகல் இரண்டு மணியோடு அது முடிந்துவிடும். கிராணி செக்ரோலை மூடுவார், வரலாற்றாசிரியரும் மூடிவிடுவார். இடையில் ஒரு கள்ளுக்கடை வரும். அப்புறம் நேராக மறுநாள் விடியல்.

அந்த இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரத்தில் லயத்து வீடுகளில் என்ன நடந்தது என்பதுதான் கொஞ்ச காலமாக என் கேள்வி. புல்லறுத்தது, மாடு கறந்தது, மாவாட்டியது, முறுக்குப் பிழிந்தது, ஈர்க்கு சீவித் துடைப்பம் கட்டியது, அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்தது. இதையெல்லாம் ‘குடும்பம் நடத்துவது’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இதில் காசு புழங்கியது. கடன் இருந்தது, முதல் இருந்தது, நட்டம் இருந்தது. கம்பெனி கொடுத்த சம்பளத்துக்கும் ஒரு குடும்பம் உயிரோடிருக்கத் தேவையான பணத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை இந்த வேலைதான் நிரப்பியது.

நான் பேசுவது வட சிலாங்கூரைப் பற்றி. சுங்கை ஆயர் தாவார் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர். உப்பில்லாத தண்ணீர் ஓடும் ஆறு என்று பொருள். கடலோர மாவட்டமான சாபாக் பெர்ணாமில் இப்படியொரு பெயர் எவ்வளவு ஆசையோடு வைக்கப்பட்டிருக்கும் என்று உவர்த் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரியும். கிள்ளானிலிருந்து தெலுக் இந்தான் நோக்கிப் போகும் ஐந்தாம் எண் சாலையில் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் எல்லாம் தாண்டி, பேராக் எல்லையை நெருங்கும்போது வரும். சிலாங்கூர் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் முதல் எண் இதற்குத்தான். மற்றபடி முதலாவதாக யாரும் நினைக்கிற ஊர் இல்லை.

கடலோரம் தென்னை. பிறகு தென்னைக்கு அடியில் கொக்கோ வந்தது, பிறகு செம்பனை. உள்ளே தள்ளி புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ரப்பர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அங்கேதான் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது அந்தத் தோட்டத்தில், 1917இல். நட்டவர் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தோட்டக்காரர் மட்டுமில்லை, எழுத்தாளரும்கூட. மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு பெற்றார். ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய எண்ணெய்ப் பனை, தமிழ்க் காதுக்குத் தென்னைமரம் என்று கேட்கிற தோட்டத்திலிருந்து கிளம்பியது. இதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

சம்பளக் கணக்கைப் பார்ப்போம். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் அதை 40, 32 என்று இறக்கினார்கள். அதுவும் நிற்கவில்லை. ரப்பர் விலை விழ விழ, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் மூன்றே ஆண்டுகளில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் எதைத் தின்று உயிரோடிருந்தார்கள்? இங்கேதான் சட்டத்தின் ஒரு மூலையில் கிடக்கும் ஒரு விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் தோட்ட நிர்வாகம் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கைக் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்க வேண்டும் என்றது. சதுர அடியில் ஏறக்குறைய 2,700.

கருணை மாதிரித் தெரியும். நான் அப்படிப் படிக்கவில்லை. தொழிலாளியின் சோற்றில் ஒரு பகுதியை அவனே, இன்னும் சரியாகச் சொன்னால் அவன் மனைவியே, வேலை நேரம் போக விளைவித்துக்கொள்வாள் என்று அரசும் முதலாளியும் சேர்ந்து போட்ட கணக்கு அது. கீரையும் பாலும் கொல்லையில் கிடைக்கும்போது கூலியை ஏன் உயர்த்த வேண்டும்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கூலி, கள்ளுக்கடை, துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய அவமானம் எல்லாம் அந்தக் கோரிக்கைகளில் இருந்தன. கொல்லையை யாரும் கோரிக்கையாக வைக்கவில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே இருந்தது. இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொல்லைக்கு அடுத்தது மாட்டுக் கொட்டகை. என் பாட்டி பால்வெட்டுக்காரி. ஒரு காலத்தில் நான்கு கறவை மாடுகள் வைத்திருந்தவர். “பால்வெட்டுச் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் சரியாப் போயிரும்யா. புள்ளைங்க படிச்சது மாட்டாலதான்” என்பார். மரத்துப் பால் கம்பெனிக்கு, மாட்டுப் பால் தனக்கு என்று அவருக்கு ஒரு பிரிவினை இருந்தது. வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல்கூட அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போய்விடுவார். மாலைப் பாலைக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, வாழைச் சருகால் அடைத்து, தாத்தாவின் சைக்கிளில் பட்டணத்துக்கு அனுப்புவார். சாணத்தைக் காய வைத்துச் சாக்கில் கட்டினால் சீனக் காய்கறித் தோட்டக்காரர் வந்து எடுத்துப்போவார். காளைக்கன்று பிறந்தால் அது அடுத்த வருடத்துப் பள்ளிக்கூடச் செலவு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் கால்நடை மருத்துவத் துறையின் ஏடுகளில். மலேசியாவில் உள்ள கறவை மாட்டினங்களில் ஒன்றுக்கு ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே பெயர். இந்தியாவிலிருந்து வந்த சிந்தி, சாஹிவால் போன்ற இனங்கள் இங்கே ஒன்றோடொன்று கலந்து, இந்த வெயிலுக்கும் உண்ணிக்கும் பழகி உருவான இனம் அது. எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிட்டு உருவாக்கியதில்லை. தோட்டத்து லயங்களின் பின்னாலும் பட்டணத்துப் பால்காரர்களின் கொட்டகையிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவானது. 1970களில் அரசாங்கம் பால் சேகரிப்பு நிலையங்களைத் தொடங்கியபோது, கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம். மாட்டினத்தின் பெயரில் இந்தியன் என்று பதிந்திருக்கிறது. அதை வளர்த்த பெண்களின் தொழில் எந்தக் கணக்கெடுப்பிலும் மாடு வளர்ப்பு என்று பதியப்பட்டிருக்காது. பால்வெட்டுத் தொழிலாளி, அல்லது இல்லத்தரசி.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த உபதொழில்தான் முழுத்தொழிலானது. ரப்பரை வாங்க ஆளில்லை. சம்பளம் என்று வந்தது வாழைமரப் படம் போட்ட நோட்டு, அதற்கும் நாளாக நாளாக மதிப்பில்லை. ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. லயத்தில் மிஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டார்கள், கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். தென்னந்தோட்டப் பக்கம் தேங்காயெண்ணெய் காய்ச்சி விளக்குக்கும் சோப்புக்கும் விற்றதாகவும், எண்ணெய் கொடுத்து அரிசி வாங்கியதாகவும் எங்கள் பக்கம் சொல்வார்கள். சயாமில் இறந்தவர்களைப் பற்றி நாவல்கள் வந்திருக்கின்றன. வர வேண்டியவைதான். அந்த மூன்றரை ஆண்டுகள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு ஒரு நாவலாவது வந்திருக்கலாம். சண்டை முடிந்து மூச்சுவிடுவதற்குள் 1948இல் அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகவிடாத நாட்கள் இருந்தன. அந்த வேலிக்குள்ளும் கோழி வளர்ந்திருக்கிறது.

இந்த வரலாற்றைப் பூப்போட்டு எழுதிவிடக் கூடாது. வீட்டிலிருந்து நடந்த வியாபாரங்களில் சம்சுவும் ஒன்று. வெல்லமும் அரிசியும் ஊறப்போட்டு, கொல்லைக்குப் பின்னால் வடித்து, இரவில் விற்ற சாராயம். கள்ளுக்கடை தோட்டத்தினுடையது, லாபமும் தோட்டத்துக்கு. சம்சு திருட்டுத்தனமானது, லாபம் வடித்த வீட்டுக்கு. போலீஸ் வந்தால் அண்டாவைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். விதவைகள் சிலர் இதை வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அதே சம்சு அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குடித்தது. இரண்டும் உண்மை. வட்டிக்கு விட்ட பெண்களும் இருந்தார்கள், சம்பள நாளன்று வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து வசூலித்தவர்கள். நம் தோட்டக் கதைகளில் கங்காணியும் கடைக்காரரும் சுரண்டுவார்கள், லயத்துக்குள்ளேயே ஓடிய சுரண்டல் அவ்வளவாக வராது.

முதல் எங்கிருந்து வந்தது? ஒரு கறவை மாடோ, ஒரு தையல் மெஷினோ வாங்க மாதச் சம்பளத்தைப் போல் பல மடங்கு வேண்டும். பேங்க் லயத்தில் கால் வைக்காது. பதில் ஒரே சொல்: கூட்டு. பத்துப் பெண்கள் மாதம் பத்து வெள்ளி போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு மொத்தப் பணம். அவசரம் உள்ளவள் தள்ளிக் கொடுத்து முன்னால் எடுப்பாள், காத்திருக்கிறவளுக்கு அதில் லாபம். கூட்டு பிடிக்கிற அக்காவின் நாணயம்தான் பத்திரம். மலாய்க்காரர்களும் இதை ‘கூத்து’ என்கிறார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்குப் பேன் என்றும் ஒரு பொருள் உண்டு, கூட்டு பிடித்து ஏமாந்தவர்கள் அந்தப் பொருளையே தேர்ந்தெடுப்பார்கள்.

1971இல் நாடாளுமன்றம் இதைத் தடை செய்தது. சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய சொல் இருக்கிறது: கூட்டு நிதிகள் தடைச் சட்டம். ‘கூட்டு, சீட்டு, சிட் ஃபண்டு, ஹுவெய்’ என்று பல பெயர்களில் நடக்கும் ஏற்பாடு என அதன் விளக்கப் பகுதி பட்டியல் போடுகிறது. பெரிய பெரிய மோசடிகள் நடந்திருந்தன, அரசாங்கத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பொருளாதாரச் சொல் ஏறிய இடம், அது குற்றமாக்கப்பட்ட இடம். ஏழைப் பெண்களிடமிருந்த ஒரே முதலீட்டு நிறுவனத்துக்குப் பதிலாக வேறு எதுவும் லயத்து வாசலுக்கு வரவில்லை. கூட்டு நிற்கவுமில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் “அடுத்த மாசம் என் கூட்டு” என்று சொல்வதில் ஒரு தயக்கமும் இருக்காது.

இதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் விசித்திரம். வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் முறை, அதாவது அடமானம் இல்லாமல் பெண்களுக்குக் குழுவாகச் சிறுகடன் கொடுக்கும் முறை, மலேசியாவுக்கு வந்தபோது முதல் சோதனைக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது வேறெங்குமில்லை, வடமேற்குச் சிலாங்கூர்தான். 1986இல் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் டேவிட் கிப்பன்ஸும் சுகோர் காசிமும் ‘இக்தியார் திட்டம்’ என்று அதைத் தொடங்கினார்கள். அது வெற்றி பெற்று, 1987இல் அமானா இக்தியார் மலேசியா என்ற அறக்கட்டளையானது. இன்று நாட்டின் மிகப் பெரிய சிறுகடன் அமைப்பு அதுதான். வீட்டில் கோழி வளர்க்க, பலகாரம் செய்ய, தையல் மெஷின் வாங்கக் கடன். லயத்துப் பெண்கள் கூட்டு போட்டுச் செய்துகொண்டிருந்த அதே வேலை.

அந்தக் கடன் அன்று லயத்துக்கு வரவில்லை. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் கம்போங்கின் மலாய்ப் பெண்கள். அவர்களும் ஏழைகள்தான், அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. இந்த நாட்டின் வளர்ச்சித் திட்டங்களுடைய அகராதியில் கிராமப்புறம் என்றால் கம்போங். தோட்டம் தனியார் நிலம். அதற்குள் இருக்கிற சாலை, தண்ணீர், மின்சாரம், வறுமை எல்லாம் முதலாளியின் சொந்த விஷயம். ஒரே சாலையின் இந்தப் பக்கம் கடன் குழு கூடியது, அந்தப் பக்கம் தடை செய்யப்பட்ட கூட்டு கூடியது.

அதே காலத்தில்தான் தோட்டங்கள் கைமாறத் தொடங்கின. 1960களில் துண்டாடலைக் கண்டு பயந்து துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கினார். 80களிலும் 90களிலும் வந்தது அந்த மாதிரித் துண்டாடல் இல்லை. தோட்டமே வீடமைப்புப் பகுதியாக, தொழிற்பேட்டையாக, நகரமாக ஆனது. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்தவர்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டு, சுவர் வெடிப்பைக் காட்டிக் காட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் தரைவீடு கேட்டார்கள். எங்கள் பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டு வீட்டுக்குக் காத்திருந்தன. அவர்களுக்கான தரைவீட்டுத் திட்டம் சுங்கை திங்கியில் 2024இல்தான் உருவெடுத்தது.

இந்தப் போராட்டங்களில் எப்போதும் வீடு கணக்கிடப்பட்டது. நட்ட ஈடு சேவை ஆண்டுகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. கொல்லையும் கொட்டகையும் கணக்கில் வரவில்லை, அவை தொழிலாளியின் சொத்து இல்லையே. 2,700 சதுர அடி ஒதுக்கச் சொன்ன சட்டம் எங்கே, 700 சதுர அடி மக்கள் வீடு எங்கே? நான்காவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது? விறகடுப்பில் அண்டா வைத்து அதிரசம் சுட்டால் பக்கத்து வீட்டில் புகார். சம்பளம் முன்பைவிடக் கூடியது, உண்மை. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டமானது. ஆனால் அன்று பாலும் கீரையும் முட்டையும் கன்றுக்குட்டியும் சேர்ந்து கொடுத்த இரண்டாவது வருமானம் ஒரே நாளில் நின்றுபோனதை எந்த ஆய்விலும் நான் எண்ணாகப் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் ஏன் உடைந்தன, பையன்கள் ஏன் கும்பலுக்குப் போனார்கள் என்று மேடைகளில் ஒழுக்கம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நிலம் கைவசம் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஈப்போவில் ஓர் உதாரணம் உண்டு. எட்டயபுரம் பக்கமிருந்து வந்தவர்கள் குனோங் சீரோ மலையடிவாரத்தில் குடியிருந்து, வீட்டிலேயே கடலையும் முறுக்கும் வறுத்துப் பொரித்து, தலையில் சுமந்து விற்றார்கள். 1973 அக்டோபரில் அந்தச் சுண்ணாம்பு மலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்து 40 பேர் அளவில் இறந்தார்கள், கூடவே கட்டியிருந்த மாடுகளும். பிழைத்தவர்கள் புந்தோங்கில் குடியேறினார்கள். இன்று அந்த இடத்துக்குக் கம்போங் காச்சாங் பூத்தே என்றே பெயர், நாடு முழுவதும் அறிந்த பெயர். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு. அவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள் என்று நான் நினைக்கவில்லை. அடுப்பை வைத்த இடத்தை விட்டு மறுபடி எழுப்ப ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அடுக்குமாடிகளிலிருந்து முறுக்கும் மசாலைத்தூளும் கேக்கும் வாட்ஸ்அப் வழியாகக் கிளம்பின. 2024இல் அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்கென்று 50 மில்லியன் ரிங்கிட்டில் ஒரு கடன் திட்டம் அறிவித்தது, பெயரே ‘பெண்’. வடமேற்குச் சிலாங்கூரில் சோதனை தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. நல்லதுதான், என் அத்தை ஒருவரும் விண்ணப்பித்திருக்கிறார். ஆனால் அறிமுகக் கூட்டத்தில் பேசியவர் “நம் பெண்கள் இனிமேல் தொழில்முனைவர் ஆக வேண்டும்” என்றபோது அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த ‘இனிமேல்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. அதைவிட, வீட்டிலிருந்து சம்பாதிப்பதைப் பாராட்டுகிற அதே மூச்சில் சம்பளப் பேச்சு காணாமல் போவது உறுத்துகிறது. அன்றைக்குக் கொல்லையைக் காட்டிக் கூலியைக் குறைத்தார்கள்.

இதற்கெல்லாம் ஆவணம் எங்கே என்று கேட்பீர்கள். சிலாங்கூர் ஆங்கிலேய நிர்வாகத்தின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள் எல்லாம் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகான கணக்குகள் வேறு காகிதத்தில் இருந்தன. மலேசியாவில் வளர்ந்த எல்லோருக்கும் அந்த 555 நோட்டுப் புத்தகம் தெரியும், சட்டைப்பையில் அடங்குகிற அளவு, கடன் எழுதுவதற்கென்றே பிறந்தது. பாட்டியிடம் பதினேழு இருந்தன. பள்ளிக்கூடம் போகாதவர், ஆகவே பெயர்களுக்குப் பதில் அடையாளங்கள்: ஒரு மரம், ஒரு குடை, ஒரு மூக்குத்தி. பக்கத்தில் போத்தல் கணக்குக்குக் கோடுகள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. கொடுத்து முடித்தவர்களின் பக்கம் அடிக்கப்பட்டிருக்கும். வீடு மாறியபோது பழைய காகிதம் என்று பதினைந்தைக் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சிய இரண்டில் ஒன்றில் குடைக்காரர் இன்னும் 31 போத்தல் பால் பாக்கி வைத்திருக்கிறார்.